பாய் வண்டியில் கண்ட சிவப்பு

நம்ம தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, நான் நன்றாகச் செய்த வேலைகள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

நான் படித்து மெக்கானிக் ஆனவன் இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் ஷெட் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். எனக்குப் பாடம் நடத்தியது வண்டிக்காரர்களின் வாய்தான். தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒருவர், "காலைல எழுந்ததும் இருமுது கோபாலு" என்பார். டீசல் லைனில் காற்று இழுக்கிறது என்று தெரிந்துகொள்வேன். அடையாறிலிருந்து வரும் டீச்சரம்மா ஒருவர், "ரிவர்ஸ் எடுக்கறச்சே மட்டும் கோச்சுக்கறது" என்பார். கியர்பாக்ஸ் மவுன்டிங்கைப் பார்ப்பேன். பானெட்டைத் திறக்குமுன்பே பாதி நோய் பிடிபட்டுவிடும். இப்படிக் கேட்டுக் கேட்டே வேலை கற்ற நான், ஒரே ஒரு தடவை கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். அதில் நாலு உயிர் போயிருக்கும்.

கரீம் பாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரதநாட்டியம் ஆடும் பெண்களுக்கு உடுப்புத் தைப்பவர். எங்கள் ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. விசிறி மடிப்பு வைத்துத் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று வருகிற பெண்கள் எல்லாம் சொல்வார்கள். அவரிடம் ஒரு வெள்ளை டீசல் கார் இருந்தது. மார்கழி வந்துவிட்டால் அதன் பின் சீட்டில் மனிதர்களைவிட உடுப்புகள்தான் அதிகம் உட்கார்ந்து போகும். அந்த வண்டியை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டவன் நான்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் அதை ஆயில் மாற்ற விட்டிருந்தார். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் தொட்டியில் ஒரு விரல் அளவு குறைவாக இருந்தது. அவர் வண்டியில் ஊற்றுவது சிவப்பு நிறக் கூலன்ட். என்னோடு பதினெட்டு வருஷமாக வேலை பார்த்த ஏழுமலை அந்த ஒரு விரலை ஊற்றி நிரப்பினான். ஏன் குறைந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பூஜை நெருக்கத்தில் ஷெட்டில் பதினோரு வண்டி நின்றது.

எங்கள் ஷெட்டு பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனரிலிருந்து வெல்டிங் மெஷின் வரை கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஏழுமலைக்குக் கை சும்மா இருக்காது. பெஞ்சு, ஜாக்கி, தண்ணிக் குழாய் எல்லாவற்றுக்கும் வைப்பான். நிற்கிற வண்டிகளின் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கும் மூன்று விரலால் இழுத்துப் பொட்டு வைப்பான். ஆனால் பாய் வண்டி நின்றால் அதைக் கழுவி முன்னால் நிறுத்துவதோடு சரி. அதில் எதுவும் வைக்கக் கூடாது என்பது என் உத்தரவு. பாய் அப்படிக் கேட்டதே இல்லை. பூஜை அன்று சாயங்காலம் வந்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, "கடலை கம்மியா கீதே, இன்னா ஏழுமல, ஓனர் கஞ்சனாயிட்டாரா?" என்று கிண்டலடித்துவிட்டுப் போகிறவர். உத்தரவு நானாகப் போட்டது.

விஜயதசமி காலையில் அவர் வண்டியைக் கொடுக்க எடுத்தேன். கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுப்பது என் வழக்கம். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். பெல்ட்டை மூடியிருக்கும் கவரின் கீழ் ஓரத்தில், சிவப்பாக, பொடிப்பொடியாக, ஒரு விரல் இழுத்த மாதிரி கோடு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அல்ல. "அடப்பாவி, பாய் வண்டிக்குக் குங்குமம் வச்சுட்டானே" என்று.

அந்தக் கணத்தில் என் மூளை எந்தப் பக்கம் ஓடியது பாருங்கள். பாய் பார்த்தால் சங்கடப்படுவாரே, பதினைந்து வருஷப் பழக்கத்தில் ஒரு நாளும் வராத மனத்தாங்கல் வந்துவிடுமே என்று ஓடியது. பனியன் துணியை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் சுரண்டினேன். துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். நல்ல நாளில் ஏழுமலையைத் திட்டக் கூடாது, நாலு நாள் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பாய் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். நான் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பாய் போன் செய்தார்.

"கோபாலு, ஆம்பூர் போறோம். மச்சான் வூட்டுக் கல்யாணம். ஆதம்பாக்கத்துல பொண்ணையும் பேரனையும் ஏத்திகினு அப்படியே பூந்தமல்லி வழியா உட வேண்டியதுதான். வண்டி பார்க்கணுமா, போலாமா?"

"தைரியமா போங்க பாய். இப்பதான சர்வீஸ் ஆச்சு."

"உனுக்கு பிரியாணி பார்சல்."

"பாய், போன தடவை வெறும் கத்திரிக்காதான் வந்துச்சு."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

ஞாயிறு அன்று ஷெட் அரை நாள் உண்டு. எட்டு மணிக்கு ஏழுமலை வந்தான். பாய் பேச்சு காதில் இருந்ததால் அந்தக் குங்குமம் ஞாபகம் வந்தது. அடக்கி வைத்திருந்த கோபத்தை எடுத்துக்கொண்டேன்.

"ஏண்டா ஏழுமல, எத்தன வருஷமா சொல்றேன்? பாய் வண்டிக்கு ஏண்டா குங்குமம் வச்ச?"

"நானா? நா வெக்கலியே."

"பொய் சொல்லாத. நான் கண்ணால பார்த்தேன். பெல்ட் கவருக்குக் கீழ இழுத்து விட்டிருந்த. நான்தான் தொடச்சேன்."

ஏழுமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா ண்ணா பேசுற நீ? எத்தினி பெருநாளு பாய் வூட்ல உக்காந்து துன்னுகினு கீறேன், எனுக்குத் தெரியாதா? பாய் வண்டிய வாட்டர் வாஷ் பண்ணி முன்னால வுட்டேன், அத்தோட சரி. பூஜை அன்னிக்கு பானெட்டையே தொறக்கல. எங்க ஆத்தா மேல சத்தியம்."

"அப்ப அந்தச் செவப்பு?"

நான் கேட்ட கேள்விதான். என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அவனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் முகத்தில் ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். என் முகத்தில் அவன் என்ன பார்த்தானோ, "ண்ணா, உக்காரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்ற விடுவது வாட்டர் பம்ப். அதன் உள் சீல் தேய்ந்தால், கசியும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழிய ஒரு சின்னத் துளை வைத்திருப்பார்கள். அங்கிருந்து மெதுவாகக் கசிந்து, இன்ஜின் சூட்டில் காய்ந்தால், சிவப்புக் கூலன்ட் சிவப்புப் பொடியாகத்தான் படியும். பம்ப் போகப் போகிறது என்பதற்கு வண்டி தரும் முதல் தகவல் அது. பல நாள் அதுதான் ஒரே தகவல். பாய் வண்டியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்தப் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட். பம்ப் இறுகினால் பெல்ட் அறும். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி, இன்ஜின் அந்த நொடியே செத்துவிடும். ஓடும் வண்டியில் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் கட்டையாகும். பெங்களூர் ஹைவேயில், பின்னால் டிரெய்லர் லாரி வரும்போது.

வண்டி சொன்ன அந்த ஒரு தகவலைத்தான் நான் நகத்தால் சுரண்டித் துடைத்திருந்தேன்.

இப்போது நான் எழுதப் போவதைப் படித்து என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். போன் என் சட்டைப் பையில் இருந்தது. நான் உடனே எடுக்கவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். ஆறு நாள் ஓடின வண்டி இன்னும் நாலு மணி நேரம் ஓடாதா என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் போகிறவரை நடு ரோட்டில் நிறுத்தி, ஒன்றுமே இல்லை என்றால் எவ்வளவு அசிங்கம் என்று நினைத்தேன். வெறும் தண்ணிக் கசிவாக இருக்கலாம், போய் வந்த பிறகு சத்தமில்லாமல் பம்பை மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். எல்லாமே ஒரு மெக்கானிக் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூடிய நியாயமான பேச்சுதான். அதுதான் பயங்கரம்.

ஏழுமலைதான் கத்தினான். "ண்ணா, இன்னா யோசிச்சிகினு கீற? கொழந்தை கீதுண்ணா வண்டியில!"

போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். கட் ஆனது. மூன்றாவது தடவை ஒரு பெண் குரல். பாயின் மகள் நஸ்ரீன்.

"அங்கிள், பாபா ஓட்டுறாங்க. அப்புறம் பேசவா?"

பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. "நில்லுங்க" என்று கத்தினால் பாய் நடு ரோட்டில் பிரேக்கை மிதிப்பார். "ஆஃப் பண்ணுங்க" என்றால் ஓடும்போதே சாவியைத் திருப்புவார், ஸ்டியரிங் பூட்டிக்கொண்டாலும் போச்சு. என்ன சொல்வது என்பதைவிட எதை முதலில் சொல்வது என்பதில்தான் உயிர் இருந்தது.

"நஸ்ரீன், எங்கம்மா போறீங்க?"

"ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டோம் அங்கிள்."

"எவ்ளோ ஸ்பீடு?"

"எண்பது."

"சரி. பயப்பட ஒண்ணும் இல்ல. பாபாகிட்ட நான் சொல்ற மாதிரியே சொல்லு. ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுக்கணும். இண்டிகேட்டர் போட்டு லெஃப்ட்டுக்கு வரணும். சாவியத் தொடக் கூடாது. ஓரத்துல முழுசா நின்னப்புறம்தான் ஆஃப் பண்ணணும்."

அவள் உருதுவில் சொன்னாள். பாய் குரல் தூரத்தில் கேட்டது.

"எதுக்கு? ஹீட் முள்ளு நடுவுலதான் கீது. வண்டி பட்டு மாதிரி போவுது! கோபாலுக்கு காலங்காத்தால இன்னா ஆச்சு? ஏற்கெனவே உங்க அம்மா மேக்கப்புல ஒரு மணி நேரம் லேட்டு!"

பாயம்மா ஏதோ திருப்பிக் கொடுத்தார். குழந்தை சிரித்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அப்போது எனக்குத் தெரிந்தது, காரணத்தைச் சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. "ஸ்பீக்கர்ல போடும்மா" என்றேன்.

"பாய், நான் தப்பு பண்ணிட்டேன். உங்க வண்டியில நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். என் பேச்சக் கேட்டு ஓரங்கட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம் திட்டுங்க."

பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடமிருந்து கேட்காத வார்த்தை அது. அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு டிக், டிக், டிக் என்று இண்டிகேட்டர். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. சக்கரம் மண்ணில் இறங்கும் சரசரப்பு. அப்புறம் இன்ஜின் ஓய்ந்தது.

"நிறுத்திட்டோம் அங்கிள்."

"எல்லாரும் எறங்கி வண்டிய விட்டு தள்ளி வேலிப் பக்கம் போங்க. போறப்ப வண்டிக்கு அடியில மட்டும் ஒரு பார்வை பாரும்மா."

கார்க் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அங்கிள்... செகப்பா கொட்டுது. சொட்டு இல்ல. கொட்டுது. அங்கிள், இது ரத்தம் மாதிரியே இருக்கு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர்களுக்கு ஒரு வாடகைக் கார் பிடித்துக் கல்யாணத்துக்கு அனுப்பினோம். வண்டி ரெக்கவரி லாரியில் ஏறி மத்தியானம் ஷெட்டுக்கு வந்தது. பிரித்துப் போட்ட கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் கண்டதை மட்டும் சொல்கிறேன். கவரைக் கழற்றியதும் பெல்ட் கூலன்ட்டில் ஊறிப்போய், ஒரு ஓரம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. பம்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். புல்லியைத் தொட்டதும் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. சுற்றினால் அரைச் சுற்றில் கடக்கென்று பிடித்துக்கொண்டது.

"எத்தினி கிலோமீட்டர் தாங்கியிருக்கும் ண்ணா?" என்றான் ஏழுமலை.

எனக்குத் தெரியவில்லை. பத்தும் தாங்கியிருக்கலாம், ஒன்றும் தாங்காமல் இருந்திருக்கலாம். அவன் பெல்ட்டின் அந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் காலையில் பொய்யன் என்று சொல்லியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு ண்ணா" என்றான். ஆனால் அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

புதுப் பம்ப், புது பெல்ட், டென்ஷனர், புதுக் கூலன்ட் எல்லாம் போட்டு, திங்கள் முழுக்க ஓட விட்டு, ஆற விட்டு, மறுபடி ஓட விட்டுப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை பாய் வந்தார். பிரியாணி வாளி ஒன்றையும் கையில் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் அவமானமாகிவிட்டது. அவர் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்பைப் பார்த்தது, குங்குமம் என்று நினைத்தது, அவர் மனசு நோகக் கூடாது என்று துடைத்தது, யாரையும் கேட்காதது, போனை எடுக்காமல் இரண்டு நிமிஷம் நின்றது. அதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"நானும் பார்த்தேன் கோபாலு."

"என்ன பாய்?"

"வண்டி வந்த மறுநாளே. வூட்டு வாசல்ல, டைல்ஸ் மேல, செகப்பா நாலு சொட்டு. பொஞ்சாதி கேட்டா, இது இன்னாதுன்னு. நா சொன்னேன், பூஜ போட்டாங்கல்ல, குங்குமத் தண்ணி ஒழுகியிருக்கும், ஒண்ணும் பேசாத, கோபாலு காதுக்குப் போனா அந்தப் பசங்களப் போட்டுத் திட்டுவான், பாவம்னு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவ தெனம் காலைல ஈரத் துணி போட்டுத் தொடச்சா. அஞ்சு நாளு."

ஏழுமலை கையிலிருந்த ஸ்பேனரைப் பெஞ்சில் வைத்தான்.

"அதுல பாரு," என்றார் பாய், "நா கலர் மேட்ச் பண்ணிப் பொழைக்கிறவன். குங்குமச் செகப்பு வேற, அது வேற. கொஞ்சம் ரோஸா, ராணி கலர் அடிச்சது. எனுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இன்னா நெனச்சேன்? இந்த வருஷம் கோபாலு சீப்பான குங்குமம் வாங்கிட்டான்னு."

நாங்கள் மூவரும் சிரித்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை.

ஷெட்டில் நான் துடைத்திருக்கிறேன். வீட்டில் அவர்கள் துடைத்திருக்கிறார்கள். அந்த வண்டி ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் நாங்கள் ஒருவர் மனசு ஒருவர் நோகாமல் அதைத் துடைத்து எறிந்திருக்கிறோம். ஒரே ஒரு வார்த்தை போதும். "பாய், உங்க வண்டியில செவப்பா ஏதோ இருந்துச்சு" என்று நான் சொல்லியிருந்தால் போதும். "கோபாலு, வாசல்ல செகப்பா கீது" என்று அவர் சொல்லியிருந்தால் போதும். வெட்கமோ கோபமோ ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் உங்கள் மேல் உள்ள பிரியத்தால் சொல்லாமல் விடுவதையும் தோண்டிக் கேளுங்கள். நல்ல பழக்கம் உள்ள இடத்தில் இன்னும் அழுத்திக் கேளுங்கள். துணியால் எதையாவது துடைக்கும்முன் அது என்ன என்று ஒருவரிடமாவது கேட்டுவிடுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

பாய் பழைய பம்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். புல்லியை விரலால் தள்ளிப் பார்த்தார். ஆடியது. மறுபடி தள்ளினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மரியாத பார்த்துப் பார்த்தே பேரனக் கொன்னிருப்போமே கோபாலு."

பம்பைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

"வெட்டுற டேபிள் மேல வெக்கப் போறேன். ஆடுற பொண்ணுங்க ட்ரையல் பாக்க வருவாங்க. தோள்ல புடிக்கும், மூச்சு வுட முடியாது, இருந்தாலும் 'சரியா இருக்கு பாய்'னு சொல்லிட்டுப் போவும். ஏன்னா பாய் மனசு கஷ்டப்படக் கூடாதாம். மேடையில ஏறி மண்டி போட்டப்புறம் கொக்கி தெறிக்கும். இனிமே எந்தப் பொண்ணாவது 'சரியா இருக்கு'ன்னா, இத்தக் கையில குடுத்து, 'ஆட்டிப் பாரு, அப்புறம் சொல்லு'ங்கப் போறேன்."